‘அவுட்டர்’: தீப்பெட்டியிலும் தண்டவாளத்திலும் பாடநோட்டிலும் ஒரு சொல்

மஃரிபுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு நாள், எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டைத் திருத்திக் கொண்டிருந்தோம். ‘திஸ் பாக்ஸ் இஸ் அவுட்டர்’ என்று எழுதியிருந்தார். தவறு என்று கோடு போட்டோம். அவர் விடவில்லை. “ஹஜ்ரத், எங்க அத்தா அட்டைப்பெட்டி அடிக்கிற பிரஸ்லதான் வேலை பாக்குறாங்க. ‘இது அவுட்டர், அது இன்னர்’னுதான் சொல்வாங்க. அவங்க சொல்றது தப்பா?” என்று கேட்டார்.

அத்தா சொல்வதும் சரிதான், நாம் போட்ட கோடும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஆரம்பித்தது ஒரு பாடத்தில் முடியவில்லை. விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் வாயிலும் புழங்கும் சொல் இது. ஆனால் ஆங்கிலத்தில் அதற்குள்ள பொருளும் நம் பேச்சில் அதற்குள்ள பொருளும் சில இடங்களில் ஒன்று, சில இடங்களில் வேறு. வேறாக இருக்கும் இடங்களில் மதிப்பெண் போகலாம், பணம் போகலாம், உயிரும் போகலாம். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

சொல்லின் அமைப்பு

‘அவுட்’ என்றால் வெளியே. அதோடு ‘-அர்’ சேர்ந்தால் ‘அவுட்டர்’. ‘டால்’, ‘டாலர்’ என்பதில் வரும் அதே ஒப்பீட்டு விகுதிதான் இதுவும். ஆனால் ‘டாலர்’ என்றால் பின்னால் ‘தன்’ வரும். இவன் அவனைவிட உயரம் என்று சொல்ல முடியும். ‘அவுட்டர்’ பின்னால் ‘தன்’ வராது. ‘இந்தச் சுவர் அந்தச் சுவரைவிட அவுட்டர்’ என்று ஆங்கிலத்தில் சொல்லக் கூடாது. ‘மோர் அவுட்டர்’ என்பதும் கிடையாது. உருவம் ஒப்பீட்டுக்குரியது, வேலை வேறு. இரண்டு இருக்கும் இடத்தில் உள்ளே இருப்பது எது, வெளியே இருப்பது எது என்று பிரித்துக் காட்டுவதே இதன் வேலை. அதனால் இச்சொல் எங்கே வந்தாலும் அதன் ஜோடியான ‘இன்னர்’ சொல்லப்படாமலேயே உடன் நிற்கும். ‘அவுட்டர் வால்’ என்று ஒருவர் சொன்னால், உள்ளே இன்னொரு சுவர் உண்டு என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். எல்லாவற்றுக்கும் வெளியே இருப்பதைச் சொல்ல ‘அவுட்டர்மோஸ்ட்’ என்று தனியாக ஒரு வடிவம் இருக்கிறது.

மதரஸாவில் ஸர்ஃப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. இஸ்மு தஃப்ளீல் என்னும் ‘அஃப்அல்’ அமைப்பில் வரும் சொற்கள் பல, எதைவிட என்று சொல்லாமலேயே பெயராக நின்றுவிடுகின்றன. ‘அல்-அக்ஸா’ என்றால் மிகத் தொலைவில் உள்ளது. நாம் தினமும் சொல்லும் ‘துன்யா’ கூட, ‘அத்னா’ என்பதன் பெண்பால்தான். மிக அருகில் இருப்பது என்பது அதன் மூலப்பொருள். இடத்தைக் குறிக்கும் ஓர் ஒப்பீட்டுச் சொல் நம் வீடுகளில் உலகத்துக்கே பெயராகிவிட்டது. இதைச் சொன்னால் மதரஸா மாணவர்களுக்கு ‘அவுட்டர்’, ‘அப்பர்’, ‘இன்னர்’ எல்லாம் சட்டென்று பிடிபடுகிறது. கல்லூரியில் இலக்கண நூலை வைத்துப் படித்தபோது நமக்கே இவ்வளவு எளிதாகப் பிடிபடவில்லை.

அடுத்தது, அந்த மாணவர் செய்த பிழை. ஆங்கிலத்தில் பெரும்பாலான பெயரடைகளைப் பெயருக்கு முன்னும் வைக்கலாம், ‘இஸ்’ என்பதற்குப் பின்னும் வைக்கலாம். ‘ரெட் பாக்ஸ்’, ‘தி பாக்ஸ் இஸ் ரெட்’ இரண்டும் சரி. ‘அவுட்டர்’ அப்படியில்லை, பெயருக்கு முன்னால் மட்டும்தான் நிற்கும். ‘தி அவுட்டர் பாக்ஸ்’ சரி. ‘தி பாக்ஸ் இஸ் அவுட்டர்’ தவறு. ஆனால் இடையில் ‘அன்’ போட்டு ‘திஸ் இஸ் அன் அவுட்டர்’ என்று எழுதினால் சரியாகிவிடும். ஏனென்றால் அப்போது அது பெயரடை இல்லை, பெயர்ச்சொல். பொட்டலங்களை மொத்தமாக அடக்கிய பெரிய அட்டைப்பெட்டியை ஆங்கில மொத்த வியாபாரிகள் ‘ஓர் அவுட்டர்’ என்றே சொல்கிறார்கள். அத்தா பேசியது அந்த வியாபார ஆங்கிலம். பிள்ளை எழுதியதில் விட்டுப்போனது ‘அன்’ என்ற ஒரே எழுத்துக்கூட்டுதான். கோட்டை அழித்துவிட்டு அதை மட்டும் சேர்த்துக் கொடுத்தோம்.

மேல்பெட்டியும் அடிப்பெட்டியும்

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் 1920களில் வேர் பிடித்தது. பட்டாசும் அச்சும் அதன் பின்னால் வளர்ந்தவை. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய காலத்தை நம் பாட்டிமார்கள் இன்றும் சொல்வார்கள். குச்சி இருக்கும் இழுப்பறை போன்ற பகுதி ‘அடிப்பெட்டி’. அதன்மேல் உறைபோல் வழுக்கி வருவது ‘மேல்பெட்டி’. ஆங்கிலத்தில் இவை முறையே ‘இன்னர்’, ‘அவுட்டர்’.

இங்கே தமிழ் செய்திருக்கும் காரியத்தைக் கவனியுங்கள். ஆங்கிலம் உள், வெளி என்று பார்த்ததைத் தமிழ் அடி, மேல் என்று பார்த்திருக்கிறது. இது தீப்பெட்டிக்கு மட்டும் இல்லை. மேலாடை, மேல்தோல், மேலுறை எல்லாமே வெளிப்புறத்தைத்தான் ‘மேல்’ என்கின்றன. அரபியிலும் இதற்கு இணையுண்டு. ‘ளாஹிர்’ என்றால் வெளிப்படையானது, வெளிப்புறம். ஆனால் ஃபிக்ஹ் கிதாபுகளில் காலுறை மீது மஸஹ் செய்யும் பாடத்தில் குஃப்பின் ‘ளாஹிர்’ என்று வந்தால் அதன் மேற்பகுதி என்று பொருள். தரையில் படும் அடிப்பகுதி அல்ல. ஆகவே ஆங்கிலத்தில் ‘அவுட்டர்’ வரும் இடத்திலெல்லாம் ‘வெளி’ என்றே பெயர்க்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ‘மேல்’ என்பதும் ‘புற’ என்பதும் நம்முடைய பழைய, நல்ல சொற்கள். அகம், புறம் என்று பாட்டையே இரண்டாகப் பிரித்து வைத்த மொழி இது.

தீப்பெட்டியில் உள்ளும் வெளியும் வெறும் அட்டைக் கணக்கு இல்லை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில், அதாவது மேல்பெட்டியின் வெளிப்புறத்தில், சிவப்பு பாஸ்பரஸ் பூசியிருப்பார்கள். இரண்டும் உரசும்போதுதான் தீ பிறக்கும். அதற்கு முந்தைய தீக்குச்சிகளில் எல்லாம் தலையிலேயே சேர்ந்திருந்தன. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும், சட்டைப்பையிலும் பற்றிக்கொள்ளும். 1844இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக் பாஷ் இரண்டையும் பிரித்து வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே நாட்டின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய அளவில் செய்து விற்றார்கள். பெட்டியில் ‘சேஃப்டி’ என்று அச்சிடுவது இதனால்தான். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்ற பிரிவுதான் அந்தப் பாதுகாப்பு.

பட்டாசுப் பெட்டியில் இந்தச் சொல்

அபாயப் பொருள்களை ஏற்றிச் செல்வதற்கு ஐக்கிய நாடுகள் சபை வகுத்துள்ள பரிந்துரைகளில் ‘இன்னர் பேக்கேஜிங்’, ‘இன்டர்மீடியட் பேக்கேஜிங்’, ‘அவுட்டர் பேக்கேஜிங்’ என்று மூன்று சொற்கள் வருகின்றன. பொருளை நேராகத் தொட்டு நிற்கும் பையோ தாளோ முதலாவது. நடுவில் ஒன்று தேவைப்பட்டால் அது இரண்டாவது. எல்லாவற்றையும் அடக்கும் பெட்டி மூன்றாவது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ‘அவுட்டர் பேக்கேஜிங்’ என்றால் அட்டைப்பெட்டி மட்டும் இல்லை. உள்ளே இருப்பது ஆடாமல் இருக்க வைக்கும் திணிப்பும், ஈரத்தை உறிஞ்ச வைக்கும் பொருளும் சேர்ந்ததுதான் அந்தச் சொல்லின் பொருள்.

பெரிய பெட்டியைப் பிரித்துச் சில்லறைக்குப் பங்கு போடும் வீடுகளில், தாளையும் திணிப்பையும் தூக்கி எறிந்துவிட்டு வெடிகளை மட்டும் கோணிப்பையில் அள்ளிப்போடுவதை நாமே பார்த்திருக்கிறோம். அட்டைப்பெட்டிதான் ‘அவுட்டர்’, மற்றதெல்லாம் குப்பை என்று நினைப்பதால் வருவது இது. உராய்வைத் தடுக்கத்தான் அந்தக் ‘குப்பை’ வைக்கப்பட்டது. நம் மஹல்லாக்களிலும் சுமை தூக்கவும் பெட்டி கட்டவும் கூலிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஒரு சொல்லின் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டாலே போதும்.

ஒரே பெட்டியில் இரண்டு விதமான வகுப்பு எண் பார்த்துக் குழம்புகிறவர்களுக்காக ஒரு வரி: ஐ.நா. பட்டியலில் வெடிபொருள் முழுவதும் 1ஆம் வகுப்பு; நம் நாட்டு வெடிபொருள் விதிகளில் பட்டாசு 7ஆம் வகுப்பு. இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள், முரண்பாடு இல்லை.

“அவுட்டர்ல நிக்குது”

விருதுநகர் சந்திப்பில் மதுரை, திருநெல்வேலி, மானாமதுரை, தென்காசித் தடங்கள் சந்திக்கின்றன. தென்காசித் தடத்தில் திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் என்று ஊர்கள் வரிசையாக வரும். வண்டி எந்த ஊரை நெருங்கி நின்றாலும் வீட்டுக்குப் போன் போகும்: “அவுட்டர்ல நிக்குது, இந்தா வந்துடுவோம்.”

இது ரயில்வேயின் சொந்தச் சொல். கைகாட்டி மரங்கள் இருந்த காலத்தில், நிலையத்துக்கு வரும் வண்டிக்கு முதலில் தென்படும் நிறுத்தக் கைகாட்டிக்கு ‘அவுட்டர் சிக்னல்’ என்று பெயர். அதற்கு உள்ளே ‘ஹோம் சிக்னல்’. புறப்படும்போது ‘ஸ்டார்ட்டர்’. நிலையத்தில் தடம் காலியாகவில்லை என்றால் வண்டி அவுட்டரில் நிற்கும். இப்போது வண்ண விளக்குகள் வந்துவிட்டன. அவற்றில் முதலில் வருவது ‘டிஸ்டன்ட் சிக்னல்’. அது சிவப்பு காட்டாது, முன்னால் நிற்க வேண்டியிருக்கும் என்று எச்சரிக்க மட்டும் செய்யும். வண்டி உண்மையில் நிற்பது ஹோம் சிக்னலில்தான். அவுட்டர் சிக்னல் பெரும்பாலான இடங்களில் இல்லாமலே போய்விட்டது. ஆனாலும் நிற்கும் இடத்துக்கு ‘அவுட்டர்’ என்ற பேர் நிலைத்துவிட்டது. சொற்களின் ஆயுள் பொருள்களின் ஆயுளைவிட நீளம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், ‘அவுட்டர்’ என்ற சொல் நம் மக்களுக்கு ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பைக் கொடுத்துவிடுகிறது. வீடு அந்தப் பக்கம்தான் இருக்கும், ஆட்டோக் காசு மிச்சம் என்று பெட்டியோடும் பிள்ளையோடும் இறங்கிவிடுகிறார்கள். நாம் சிறுவனாக இருந்தபோது நம் உறவினர் குடும்பம் ஒன்று இப்படி இருட்டில் இறங்கியது. பக்கத்துத் தடத்தில் எதிர்வண்டி வந்ததை ஜல்லியில் கால் ஊன்றிக்கொண்டிருந்த அந்த மாமி பார்க்கவில்லை. யாரோ கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ரயிலிலேயே ஏறியதில்லை. சட்டமும் இருக்கிறது: 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி தண்டவாளப் பகுதியில் அத்துமீறி நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ‘அவுட்டர்’ என்பதற்கு ரயில்வே மொழியில் ‘நிலையத்துக்கு வெளியே’ என்று மட்டுமே பொருள். இறங்கும் இடம் என்ற பொருள் அதற்குக் கிடையாது.

காதும் உடையும்

உயிரியல் பாடத்தில் ‘அவுட்டர் இயர்’ என்றால் புறச்செவி. காது மடலும் செவிப்பறை வரை போகும் குழாயும் முழுவதும் அதில் அடங்கும். ஆனால் ஒளு செய்யும் முறையை ஆங்கிலத்தில் எழுதிய சிறு நூல்களில் காதின் ‘இன்னர்’ பகுதியைச் சுட்டுவிரலாலும் ‘அவுட்டர்’ பகுதியைக் கட்டைவிரலாலும் தடவ வேண்டும் என்று வரும். அங்கே ‘அவுட்டர்’ என்றால் மடலின் பின்புறம். ‘இன்னர்’ என்றால் மடலின் முன்பக்க மடிப்புகள். உயிரியல் கணக்கில் இரண்டுமே புறச்செவிதான். ஒரு மாணவி இதை வைத்து, உட்செவிக்குள் தண்ணீர் போக வேண்டுமா என்று கேட்டு அனுப்பியிருந்தார். வேண்டியதில்லை. ஃபிக்ஹின் பிரிவு வேறு, மருத்துவத்தின் பிரிவு வேறு.

பட்டாசு ஊரில் காதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுவோம். உட்செவியில் நத்தை ஓடு போன்ற காக்ளியாவுக்குள் இரண்டு வகை மயிரணுக்கள் இருக்கின்றன. ஒரு வரிசையில் சுமார் 3,500 ‘இன்னர்’ மயிரணுக்கள். மூன்று வரிசைகளில் சுமார் 12,000 ‘அவுட்டர்’ மயிரணுக்கள். ஆக ‘இன்னர் இயர்’ உள்ளே ஓர் ‘அவுட்டர்’ இருக்கிறது! இச்சொல் எப்போதும் பக்கத்தில் இருப்பதை வைத்துத்தான் பொருள் தரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. பெருஞ்சத்தத்தில் முதலில் சாவது இந்த அவுட்டர் மயிரணுக்கள்தான். செத்தால் மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபெல் என்று 1999இல் உச்ச அளவு வகுத்ததில் இந்தக் காதுதான் இருக்கிறது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெடி பார்க்க நிற்கிற தாய்மார்கள் நாலு மீட்டரைவிட இன்னும் தள்ளி நிற்கட்டும்.

குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 59ஆம் வசனத்தில் ‘அவுட்டர் கார்மென்ட்ஸ்’ என்று படித்துவிட்டு, அது கோட்டா, ஸ்வெட்டரா என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அங்கே மூலத்தில் உள்ளது ஜில்பாபின் பன்மை: உள்ளே உடுத்திய உடைக்கு மேல் போர்த்திக்கொள்ளும் உடை. இங்கேயும் ‘உள்ளே ஒன்று உண்டு’ என்ற ஜோடிப் பொருள்தான். தமிழில் ‘மேலாடை’ என்றாலே போதும்.

வேகமாகச் சில

சென்னையில் வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போவது ‘அவுட்டர் ரிங் ரோடு’, வெளிவட்டச் சாலை. மணிப்பூரின் இரண்டு மக்களவைத் தொகுதிகள் ‘இன்னர் மணிப்பூர்’, ‘அவுட்டர் மணிப்பூர்’. ‘அவுட்டர் பிளானட்ஸ்’ என்றால் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். ‘அவுட்டர் ஸ்பேஸ்’ விண்வெளி. அதற்கான உலக ஒப்பந்தம் 1967இல் வந்தது. ‘அட்டர்’ என்ற ஆங்கிலச் சொல், அதாவது ‘முழு’ என்று பொருள்படும் ‘அட்டர் நான்சென்ஸ்’ போன்றவற்றில் வருவது, பிறப்பில் ‘அவுட்டர்’ உடன் ஒரே சொல்தான். கடைசி எல்லை வரை போனது என்ற கருத்தில் ‘முழுவதும்’ ஆகிவிட்டது.

‘அவுட்டர்’, ‘அவுட்சைட்’, ‘எக்ஸ்டர்னல்’ மூன்றும் ஒன்றல்ல. கிரிக்கெட்டில் மட்டையின் வெளி ஓரத்தில் பந்து பட்டால் ‘அவுட்சைட் எட்ஜ்’ என்பார்கள். ‘அவுட்டர் எட்ஜ்’ என்று சொல்வதில்லை. வெளியிலிருந்து வரும் தேர்வாளர் ‘எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்’. இவற்றுக்கு விதி தேடுவதைவிடக் காதால் கேட்டுப் பழகுவதே வழி.

“வீடு அவுட்டர்ல இருக்கு”

கடைசியாக, நம் ஊர்ப் பேச்சில் மட்டும் உள்ள பயன்பாடு. ஊருக்கு ஒதுக்குப்புறத்தை ‘அவுட்டர்’ என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு ‘அவுட்ஸ்கர்ட்ஸ்’ என்ற சொல் இருக்கிறது. ‘ஐ லிவ் இன் அவுட்டர்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் படிப்பவருக்குப் புரியாது.

மனை வாங்குகிறவர்களுக்கு இச்சொல்லில் இன்னொரு சிக்கல். ‘டவுனுக்கு அவுட்டரில் மலிவு மனை’ என்றால் நம் மாவட்டத்தில் அந்த ஒதுக்குப்புறத்தில்தான் பட்டாசு ஆலைகளும் கிடங்குகளும் இருக்கின்றன. ஆலைக்கு உரிமம் கொடுக்கும்போது இரண்டு வகைத் தூரம் பார்க்கிறார்கள். ஆலைக்குள் ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இடையே ஒன்று. ஆலைக்கும் வெளியே உள்ள வீடு, சாலை, தண்டவாளத்துக்கும் இடையே மற்றொன்று. மருந்தின் அளவு கூடக் கூட இந்தத் தூரமும் கூடும். ஆலையின் சுற்றுச்சுவர்தான் எல்லை, சுவருக்கு வெளியே வந்துவிட்டால் பயமில்லை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. அன்று இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த வெளி ஆட்கள். வெடி சுவரைப் பார்த்து நிற்பதில்லை.

மனைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அருகில் எந்த ஆலை அல்லது கிடங்கு இருக்கிறது, அதன் பாதுகாப்புத் தூரத்துக்குள் மனை விழுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேளுங்கள். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவுக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் இருக்கிறது. அங்கும் எழுதிக் கேட்கலாம். தரகர் ‘அவுட்டர்’ என்று சொன்னால், எதற்கு அவுட்டர் என்று திருப்பிக் கேளுங்கள். ஊருக்கா, ஆலைக்கா?